நான்காவது லாரி

ஐந்து லாரி வைக்கோல்.
உலியாஸ்தாயில் ஏற்றிக் கட்டும்போதே
கயிறு விறைத்துக் கம்பியாகிவிட்டது.
மைனஸ் நாற்பத்தொன்று.
புல்லின் மேல் பனி, பனியின் மேல் பாளம்,
பாளத்தின் மேல் குளம்பு தேய்ந்த ஆடுகள்.
இப்படி வரும் குளிர்காலத்துக்கு
எங்கள் மொழியில் ஜூட் என்று பெயர்.

முன்னால் துலம்சுரேன்.
போன வருஷம் வரை கால்நடை மருந்துக் கிடங்கில்
கணக்கு எழுதியவள்.
மருந்து கேட்டு வருகிறவன் குரலிலேயே
குதிரை பிழைக்குமா என்று சொல்லிவிடுவாளாம்.
புறப்படும்போது ஒரு தாளைக் காட்டினாள்:
பதினொரு குடும்பம், இரண்டாயிரத்து நூறு உயிர்.
"எதற்குப் போகிறோம் என்று மறந்தால் இதைக் கேளுங்கள்.
என் முகத்தைப் பார்க்காதீர்கள்."
அவ்வளவுதான் அவளுடைய உரை.

அரைமணிக்கொரு தடவை வயர்லெஸ்ஸில் கூப்பிடுவாள்.
எங்கே வந்திருக்கிறாய் என்று கேட்கமாட்டாள்.
"ஏதாவது பேசு" என்பாள்.
புரெவ்டோர்ஜ் டீசல் விலையைத் திட்டுவான்.
சோய்ஜில், மகளுக்குப் பல் முளைத்த கதையை
மூன்றாம் முறையாகச் சொல்வான்.
கடைசி லாரி தவாநியாம் சீட்டி மட்டும் அடிப்பான்.
நான் நான்காவது. "நன்றாக இருக்கிறேன்" என்பேன்.

கணவாய்க்கு இந்தப் பக்கம், மாலை நாலு மணி,
வரிசை நின்றது.
நடந்து வந்து என் கதவைத் தட்டினாள்.
"காலையில் உன் 'நன்றாக'வுக்கு நீளம் இருந்தது.
இப்போது இல்லை."

எரிச்சல் வந்தது எனக்கு.
வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது.
மூன்று பேர் எனக்காக எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருக்கிறார்கள்.
ஒரு மனுஷனின் தொண்டையை அளந்து பார்க்க
இதுவா இடம்?

அப்புறம் சொன்னேன்.
அண்ணன் சம்பூவின் மந்தை
டிசம்பரிலேயே முடிந்துபோனது.
வேலியோரம் அடுக்கி வைத்திருக்கிறான், விறகு மாதிரி.
அவனுக்கு வராத வைக்கோலை
யாருக்கோ கொண்டுபோகிறேன்.
ஒவ்வொரு கட்டும் என் முதுகில் உட்கார்ந்து வருகிறது.

ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன்.
சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன்.
ஏறுபடியில் நின்றபடியே இருந்தாள்,
இமையில் பனி கோத்துக்கொண்டு.
பிறகு கேட்டாள்: "திரும்ப வேண்டுமா?
யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.
நான் சொல்ல விடமாட்டேன்."
மெய்யாகவே கேட்டாள்.
அதுதான் என்னைத் திரும்பவிடவில்லை.

தாளைக் கேட்டேன். கொடுத்தாள்.
பதினொரு பெயர்.
ஏழாவது, ஒரு பெண், தனியாக, நாற்பது ஆடு.
"இரண்டாவதாக வா," என்றாள்,
"என் சிவப்பு விளக்கு தெரிகிற தூரத்தில்."

எப்போதும் சரியாகவே கேட்டாள் என்று சொல்லமாட்டேன்.
இறக்கத்தில் சோய்ஜிலின் மௌனத்தைப்
பயம் என்று நினைத்து நிறுத்தச் சொன்னாள்.
அவன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.
நின்ற இடத்தில் சக்கரம் புதைந்து
இரண்டு மணி நேரம் மண்வெட்டி.
எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:
"தப்பு என்னுடையது. மண்வெட்டியை இங்கே கொடு."
புரெவ்டோர்ஜ் கூட அவளைத் திட்டவில்லை.
பனியைத் திட்டினான்.

ஏழாவது கூடாரத்தில்
அந்தப் பெண் வாருங்கள் என்று சொல்லவில்லை.
முதலில் கட்டுகளை எண்ணினாள்.
எண்ணி முடித்து ஒரு கட்டில் முகத்தைப் புதைத்து
வெகுநேரம் முகர்ந்தாள்.
கோடை அதற்குள் இருந்தது.
சம்பூவுக்கு நான் இன்னும் எதுவும் கொண்டுபோகவில்லை.
அது அப்படியேதான் இருக்கிறது.

திரும்பும் வழி. காலி லாரிகள். இருட்டு.
அரைமணி ஆனது, முக்கால் ஆனது,
வயர்லெஸ் பேசவில்லை.
நானே அழுத்தினேன்:
"துலம்சுரேன், ஏதாவது பேசு."
"நன்றாக இருக்கிறேன்."
குட்டையாக இருந்தது.

அவளைப்போலக் கேட்க எனக்குத் தெரியாது.
மறுபடி அழுத்தி, சொல் கிடைக்காமல்,
பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே ஓட்டினேன்,
என் எஞ்சின் சத்தமாவது
அவள் கேபினுக்குள் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று.